ஜெர்மன் டாங்கிகளில் எது சிறந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் டாங்கிகளின் சிறிய மாதிரிகளை ஒட்டி, வண்ணம் பூசி அலமாரியில் வைப்பது என் பல வருடப் பழக்கம். வீட்டுக்கு வரும் நண்பர்கள், அவர்கள் பிள்ளைகள், வீடியோ கேமில் டாங்கி ஓட்டும் தம்பிகள் என்று எல்லோரும் அந்த அலமாரி முன்னால் நின்று ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தொகுத்திருக்கிறேன். டாங்கியின் மேலே சுழலும் தலைப்பகுதியை டரெட் என்றே சொல்கிறேன். அதற்கு மேல் புரியாத சொல் எதுவும் வராது.

1. பான்சர்னா ஒரு டாங்கியோட பேரா, இல்ல எல்லா ஜெர்மன் டாங்கியுமே பான்சரா?

ஜெர்மன் மொழியில் பான்சர் என்றால் கவசம். 'பான்சர்காம்ப்வாகன்', அதாவது கவசப் போர் வண்டி என்ற நீளமான சொல்லைச் சுருக்கி எல்லா டாங்கியையும் பான்சர் என்றார்கள். பான்சர் 1, 2, 3, 4 என்று எண் போட்டுக்கொண்டே வந்தவர்கள், ஐந்தாவதுக்குப் பேந்தர் என்றும் ஆறாவதுக்கு டைகர் என்றும் விலங்குப் பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஏ, பி, சி என எழுத்து வரிசையில் திருத்திய பதிப்புகள் உண்டு. விவாதங்களில் பாதிக் குழப்பம் இந்த எழுத்தைக் கவனிக்காததால் வருகிறது. 1940-ல் பிரான்சுக்குள் நுழைந்த பான்சர் 4-க்கும் 1944-ல் அதே பிரான்சின் நார்மண்டியில் நின்ற பான்சர் 4-க்கும் பெயர் ஒன்றுதான். பீரங்கி வேறு, கவசம் வேறு, செய்த வேலையும் வேறு.

2. சுருக்கமா எல்லாத்தையும் ஒரு தடவை அறிமுகப்படுத்துங்களேன்.

பான்சர் 1 என்பது 1934-ல் உற்பத்திக்கு வந்த, இரண்டு பேர் உட்காரும், இரண்டு இயந்திரத் துப்பாக்கி மட்டுமே கொண்ட குட்டி வண்டி. பான்சர் 2-ல் 20 மி.மீ. பீரங்கி. இரண்டுமே பெரிய டாங்கிகள் தயாராகும்வரை படையைப் பழக்குவதற்காக வந்தவை. பான்சர் 3 எதிரி டாங்கிகளோடு மோதுவதற்கு (முதலில் 37 மி.மீ., பிறகு 50 மி.மீ.). பான்சர் 4 காலாட்படைக்குத் துணையாக வெடிகுண்டு வீசுவதற்கு (குட்டைக் குழல் கொண்ட 75 மி.மீ.). 1939-ல் செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கியபோது அங்கிருந்த நல்ல டாங்கிகளும் தொழிற்சாலைகளும் கைக்கு வந்தன. 38(டி) என்ற டாங்கி அப்படி வந்ததுதான்.

1942-ல் டைகர்: 88 மி.மீ. பீரங்கி, 57 டன். 1943-ல் பேந்தர்: நீண்ட குழல் கொண்ட 75 மி.மீ., சுமார் 45 டன். 1944-ல் கிங் டைகர்: ஏறக்குறைய 70 டன். இவை தவிர டரெட்டே இல்லாத தாக்குதல் பீரங்கி வண்டிகள் தனி இனம். அவற்றுக்குக் கேள்வி 12 இருக்கிறது.

3. டைகர்தானே பெஸ்ட்? இதுல என்ன சந்தேகம்?

நான் முதன்முதலில் ஒட்டிய மாதிரியே டைகர்தான், அதனால் அதை மட்டம் தட்ட எனக்கு மனம் வராது. 1942-லும் 1943-லும் அதற்கு நேர் எதிரே நின்று தாக்குப்பிடிக்கக்கூடிய டாங்கி யாரிடமும் இல்லை. முன்பக்கம் 100 மி.மீ. கவசம், பக்கவாட்டில் 80 மி.மீ. பக்கக் கவசமே மற்ற டாங்கிகளின் முன்கவசத்துக்குச் சமம். ஸ்டீயரிங் சக்கரத்தை லேசாகத் திருப்பினால் 57 டன் வண்டி வளையும். ஓட்டியவர்கள் அதைப் பெரிதாகச் சொன்னார்கள். குறிபார்க்கும் கண்ணாடிகளின் தெளிவும் பீரங்கியின் துல்லியமும் சேர்ந்தால், எதிரி தன்னைச் சுடும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே அவனை அடித்துவிடலாம்.

ஆனால் அந்த இடத்துக்கு டைகர் போய்ச் சேர வேண்டும். ரயிலில் ஏற்றினால் அகலம் இடிக்கும் என்பதால், சக்கரங்களைச் சுற்றி ஓடும் 725 மி.மீ. அகலச் சங்கிலியைக் கழற்றி 520 மி.மீ. சங்கிலியை மாட்டுவார்கள், வெளிவரிசைச் சக்கரங்களையும் எடுத்துவிடுவார்கள். இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். வழியில் உள்ள சாதாரணப் பாலங்கள் 57 டன்னைத் தாங்காது. வண்டி சேற்றில் சிக்கினால் இழுக்க 18 டன் ரகக் கனரக இழுவை வண்டிகள் மூன்று சேர்ந்து வர வேண்டும். அவை கிடைக்காதபோது, லேசாகப் பழுதான டைகரைக் குழுவினரே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு நடந்தார்கள். 1942 ஆகஸ்ட் இறுதியில் லெனின்கிராட் அருகே ம்கா என்ற இடத்தில் முதன்முதலில் களம் இறங்கிய நான்கில் மூன்று, எதிரியால் அல்ல, இயந்திரக் கோளாறால்தான் நின்றன.

மொத்தம் செய்தது சுமார் 1,350. ஒரு படைப்பிரிவுக்கு 45 வீதம் தனிப் பட்டாலியன்களாக வைத்து, நெருக்கடி வரும் இடத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலைக்கு அது அருமையான ஆயுதம். நாட்டின் முழு டாங்கிப் படையையும் அதை வைத்து நடத்த முடியாது. அதனால்தான் "பெஸ்ட்" என்ற சொல்லைக் கேட்டதும் எந்த வருடம், எந்த வேலைக்கு என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

4. பேந்தர் பீரங்கி 75, டைகர் பீரங்கி 88. அப்போ டைகர் குண்டுதானே அதிகம் துளைக்கும்?

இல்லை. 75, 88 என்பது குழல் வாயின் அகலம் மட்டும். குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதும் சேர்ந்துதான் துளைக்கும் சக்தி. பேந்தரின் குழல் அதன் வாய் அகலத்தைப் போல் 70 மடங்கு நீளம். டைகருடையது 56 மடங்கு. நீளக் குழலும் பெரிய மருந்துறையும் சேர்ந்து பேந்தரின் குண்டை நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் தள்ளின. டைகரின் குண்டு நொடிக்கு 773 மீட்டர்.

ஜெர்மானியர்களின் சொந்தக் கணக்குப்படி, 1,000 மீட்டர் தூரத்தில் 30 டிகிரி சாய்ந்த தகட்டில் பான்சர் 4-ன் நீண்ட பீரங்கி சுமார் 85 மி.மீ., டைகர் 100 மி.மீ., பேந்தர் 111 மி.மீ., கிங் டைகர் 165 மி.மீ. துளைக்கும். ஆனால் 88-ன் குண்டு கனமானது, அதில் அடங்கும் வெடிமருந்தும் அதிகம். காலாட்படை, கட்டடம், பதுங்கிய பீரங்கி ஆகியவற்றின் மேல் சுடும்போது டைகருக்கு அது பலம்.

5. கவசம் சாய்வா இருந்தா என்ன லாபம்? தகடு அதே தகடுதானே?

வெங்காயத்தை நேராக வெட்டினால் வட்டம் சிறியது, சாய்த்து வெட்டினால் நீளமாகக் கிடைக்கும் அல்லவா? குண்டு கிடைமட்டமாக வரும்போது சாய்ந்த தகட்டுக்குள் அது கடக்க வேண்டிய தூரமும் அப்படித்தான் நீள்கிறது. பேந்தரின் முன்தகடு 80 மி.மீ. தடிமன்தான். ஆனால் செங்குத்திலிருந்து 55 டிகிரி சாய்ந்திருப்பதால் குண்டுக்கு முன்னால் கிட்டத்தட்ட 140 மி.மீ. இரும்பு நிற்கும். அதோடு பட்டுத் தெறித்துப் போகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே நேர்முகமாகப் பேந்தரின் உடல், எடை அதிகமுள்ள டைகரைவிட உறுதியானது.

பக்கவாட்டில் கதை தலைகீழ். பேந்தரின் பக்கத் தகடு 40 மி.மீ., பிறகு 50 மி.மீ. சோவியத் டி-34, அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளின் சாதாரணப் பீரங்கிகளே அதைத் துளைக்கும். டைகரின் 80 மி.மீ. பக்கச் சுவர் அவ்வளவு எளிதில் விழாது. எதிரி முன்னால் மட்டுமே வருவான் என்ற உறுதி இருந்தால் பேந்தர். எங்கிருந்தும் வருவான் என்றால் டைகர்.

6. 1940-ல ஜெர்மன் டாங்கிகள் பலவீனம்னு சொல்றாங்க. அப்புறம் பிரான்ஸை எப்படி ஆறு வாரத்துல ஜெயிச்சாங்க?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. 1940 மே மாதம் ஜெர்மனி இறக்கிய சுமார் 2,400 டாங்கிகளில் 1,400-க்கு மேல் பான்சர் 1-ம் 2-ம்தான். பிரான்சின் ஷார் பி1 பிஸ் டாங்கி 60 மி.மீ. கவசம் போர்த்தது, 37 மி.மீ. குண்டுகள் அதன் மேல் கல் எறிந்தது போல விழுந்தன. மே 16 அன்று ஸ்டோன் என்ற ஊரில் கேப்டன் பியேர் பியோட் நடத்திச் சென்ற ஒரே ஒரு ஷார் பி1, தெருவில் வரிசையாக நின்ற 13 ஜெர்மன் டாங்கிகளை அடித்துவிட்டு, உடலில் 140 அடித் தழும்புகளோடு திரும்பி வந்தது.

அப்படியும் தோற்றதற்குக் காரணம் கவசத்திலோ பீரங்கியிலோ இல்லை. பெரும்பாலான பிரெஞ்சு டாங்கிகளின் டரெட்டுக்குள் ஒரே ஆள். அவரே எதிரியைத் தேட வேண்டும், குண்டு ஏற்ற வேண்டும், சுட வேண்டும், ஓட்டுநருக்கு வழியும் சொல்ல வேண்டும். பான்சர் 3-லும் 4-லும் டரெட்டில் மூன்று பேர்: ஒருவர் குண்டு ஏற்றுவார், ஒருவர் சுடுவார், கமாண்டர் சுற்றிப் பார்ப்பதை மட்டும் செய்வார். கூடவே ஏறக்குறைய எல்லா ஜெர்மன் டாங்கியிலும் வயர்லெஸ் பெட்டி இருந்தது. பிரெஞ்சுத் தரப்பில் பல டாங்கிகளில் அது இல்லை. இதற்காக முன்பே போராடியவர்களில் முக்கியமானவர் ஜெனரல் ஹைன்ஸ் குடேரியன். முதல் உலகப் போரில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது.

ஜெர்மன் டாங்கிகளின் உண்மையான சிறப்பு என்ன என்று என்னைக் கேட்டால், டரெட்டில் மூன்று பேர், கீழே ஓட்டுநரும் வயர்லெஸ் இயக்குபவரும் என்ற இந்த ஐந்து பேர் ஏற்பாட்டைத்தான் முதலில் சொல்வேன். பான்சர் 3-ல் தொடங்கிய அது, கிங் டைகர் வரை மாறவே இல்லை.

7. பேந்தர் ரஷ்ய டி-34-ஐப் பார்த்து அடிச்ச காப்பிதானே?

பார்த்துச் செய்தது என்பது சரி, காப்பி என்பது சரியில்லை. 1941 ஜூனில் சோவியத் நாட்டுக்குள் நுழைந்தபோதுதான் டி-34, கேவி டாங்கிகளை ஜெர்மானியர்கள் நேரில் கண்டார்கள். லித்துவேனியாவின் ரசெய்னியாய் அருகே ஒற்றைக் கேவி டாங்கி ஒரு சாலையில் நின்றுகொண்டு ஒரு பான்சர் டிவிஷனின் பகுதியை மறித்து வைத்தது. நவம்பரில் ஒரு குழு முன்னணிக்கு வந்து பிடிபட்ட டி-34-களை ஆராய்ந்தது. அதன் விளைவுதான் பேந்தர்.

டெய்ம்லர்-பென்ஸ் கொடுத்த வரைவு தோற்றத்திலேயே டி-34 போல இருந்தது, டீசல் என்ஜினும் கொண்டது. எம்.ஏ.என். நிறுவனம் கொடுத்தது சாய்வுக் கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றபடி ஜெர்மன் வழக்கப்படி செய்தது: முன்னால் கியர்பாக்ஸ், பின்னால் மேபாக் பெட்ரோல் என்ஜின், மூன்று பேர் டரெட். 1942 மே மாதம் தேர்வானது இரண்டாவது.

8. பேந்தர் சும்மா சும்மா ரிப்பேர் ஆகும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. அதன் சோதனைப் பெயர் விகே 30.02, அதில் வரும் 30 என்பது 30 டன் ரகம் என்பதற்கான எண். முடிந்து வெளியே வந்தபோது எடை 45 டன். வழியில் கவசத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சங்கிலியைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கரத் தொகுதி, அதாவது ஃபைனல் டிரைவ், அதற்கேற்றபடி வலுப்பெறவில்லை. நல்ல ரகப் பல்சக்கரம் வெட்டும் இயந்திரங்கள் பற்றாக்குறையாக இருந்ததால் எளிய வகைப் பற்களையே வைத்தார்கள். போருக்குப் பின் பேந்தர்களை ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு ராணுவம், அந்தத் தொகுதியின் சராசரி ஆயுள் 150 கி.மீ. என்று எழுதி வைத்தது. சென்னையிலிருந்து புறப்பட்டால் திண்டிவனம் தாண்டி, விழுப்புரம் வருவதற்குள் பிரித்து மாட்ட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1943 ஜூலை 5-ல் ரஷ்யாவில் தொடங்கிய குர்ஸ்க் சண்டைக்கு 200 பேந்தர்கள் அவசரமாக அனுப்பப்பட்டன. ஜூலை 10 மாலை முன்வரிசையில் ஓடும் நிலையில் இருந்தவை 10. இதில் கண்ணிவெடியும் எதிரிக் குண்டும் பெரும்பங்கு வகித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் தானாக நின்றவை அல்ல. பிறகு வந்த பதிப்புகள், குறிப்பாக 1944-ன் ஜி, எவ்வளவோ மேம்பட்டவை. ஆனால் ஃபைனல் டிரைவ் மட்டும் கடைசிவரை வலிக்கும் பல்லாகவே இருந்தது.

பழுது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இன்னொரு குறையை யாரும் சொல்வதில்லை. பேந்தரில் சுடுபவருக்குக் குறுகிய பார்வை கொண்ட தொலைநோக்கி மட்டும்தான். சுற்றிலும் பார்க்க வேறு கண்ணாடி இல்லை. கமாண்டர் இலக்கைக் காட்டிய பிறகு சுடுபவர் அதைக் கண்டுபிடித்துச் சுட 20 முதல் 30 நொடி பிடித்தது என்று அதே பிரெஞ்சு அறிக்கை சொல்கிறது. ஷெர்மனில் சுடுபவருக்கு அகலப் பார்வை உண்டு. முதல் குண்டு யாருடையது என்பதில் உயிர் தொங்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

9. பான்சர் 4 பழைய டிசைன்தானே? ஏன் கடைசிவரை செஞ்சுக்கிட்டே இருந்தாங்க?

அதில் வளர இடம் இருந்தது. டரெட் உட்காரும் வளையம் பான்சர் 3-ல் சிறியது. நீண்ட 75 மி.மீ. பீரங்கி அதில் அடங்காது. பான்சர் 4-ல் அடங்கியது. 1942 வசந்தத்தில் நீண்ட குழலை மாட்டியதும், துணைக்கு வந்த வண்டி முதன்மை வண்டி ஆனது. பான்சர் 4 கழற்றிப்போட்ட குட்டைப் பீரங்கி பான்சர் 3-க்குப் போய், அது துணை வண்டி ஆனது. இருவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

குறைகள் நிறைய. கவசம் நேர் செங்குத்து. உடலின் முன்பக்கம் 80 மி.மீ. ஆனபோதும் டரெட்டின் முன்பக்கம் 50 மி.மீ.-யிலேயே நின்றுவிட்டது. கடைசிப் பதிப்பான ஜே-யில், டரெட்டைச் சுழற்றும் மின்சார ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டாங்க் வைத்தார்கள். கையால் சுற்றித்தான் குறிவைக்க வேண்டும். ஆனாலும் 300 குதிரைத்திறன் என்ஜினும் 25 டன் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை. பாலம் தாங்கும், ரயிலில் அப்படியே ஏறும், மெக்கானிக்குகளுக்கு அதன் ஒவ்வொரு திருகும் பழக்கம். சுமார் 8,500 செய்தார்கள்.

10. டைகர், பேந்தர் சக்கரமெல்லாம் ஏன் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கு?

எடையைப் பரப்புவதற்கு. சக்கரங்கள் அதிகமானால் சங்கிலியின் மேல் விழும் பாரம் சமமாகப் பிரியும், மெத்தென்ற ஓட்டம் கிடைக்கும், மண்ணில் குறைவாகப் புதையும். இந்த விஷயத்தில் பேந்தர் உண்மையிலேயே சொகுசான வண்டி.

பராமரிப்பில் இது பெரும் தலைவலி. டைகரில் உள்வரிசைச் சக்கரம் ஒன்று கெட்டால் அதற்கு வெளியே உள்ள பலவற்றைக் கழற்றி அடுக்க வேண்டும். ரஷ்யக் குளிரில் இடையில் அடைந்த சேறு ராத்திரியில் உறைந்து இறுகிவிடும். இந்த மாதிரியை ஒட்டும்போதே எனக்குக் கை வலிக்கும். பனியில் நின்று நிஜச் சக்கரத்தைக் கழற்றியவர்களை அப்போது நினைத்துக்கொள்வேன்.

11. ஷெர்மன் பெட்ரோல், அதனால தீப்பிடிக்கும். ஜெர்மன் டாங்கி டீசல், அதனால பிடிக்காது. சரியா?

தவறு. பான்சர் 4, பேந்தர், டைகர், கிங் டைகர் எல்லாமே பெட்ரோல் என்ஜின்தான். டீசலை நம்பியது டி-34.

டாங்கி எரிவதற்கு முக்கியக் காரணம் உள்ளே அடுக்கிய குண்டுகளின் மருந்து. ஷெர்மனில் குண்டுகளைத் தரைக்கு இறக்கி, திரவம் சூழ்ந்த பெட்டிகளில் வைத்த பிறகு, அடிபட்டவற்றில் எரிந்தவை 10 முதல் 15 சதவீதமாகக் குறைந்தன. முன்பு அது 60 முதல் 80 சதவீதம் என்று அமெரிக்க ராணுவ ஆய்வு சொல்கிறது. பேந்தரும் பான்சர் 4-ம் பக்கவாட்டில் குண்டுகளை அடுக்கியவை. அடிபட்டால் அவையும் நன்றாகவே எரிந்தன.

12. ஷ்டூக் 3 டாங்கியா, இல்லையா? அதை ஏன் யாரும் கணக்குல சேர்க்கறதில்ல?

டரெட் இல்லாததால் டாங்கி இல்லை. பான்சர் 3-ன் உடல் மேல், முன்னோக்கி மட்டும் பார்க்கும் பீரங்கியைப் பொருத்திய தாக்குதல் வண்டி அது. பெரும்பாலும் டாங்கிப் படையிடம் இல்லாமல் பீரங்கிப் படையிடம் இருந்தது. கேள்வி 9-ல் சொன்ன வளையச் சிக்கல் இதற்கு இல்லை, ஏனென்றால் வளையமே இல்லை. அதனால் பான்சர் 3 உடலிலும் நீண்ட 75 மி.மீ. பீரங்கி ஏறியது.

உயரம் சுமார் 2.15 மீட்டர்; புதருக்குப் பின்னால் நின்றால் தெரியாது. விலை குறைவு, வேலை எளிது. 10,000-க்குச் சற்று மேல் செய்தார்கள். ஜெர்மனி அதிகம் உற்பத்தி செய்த கவசப் போர் வண்டி இதுதான். பதுங்கி நின்று தடுக்கும் சண்டையில் இது கொடுத்த பலனை, அழகான டைகரின் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. முன்னேறித் தாக்கும்போது, பீரங்கியைத் திருப்ப வண்டியையே திருப்ப வேண்டும் என்பது அதன் ஊனம். 1943-க்குப் பிறகு ஜெர்மனி பெரும்பாலும் பின்வாங்கியபடியேதான் சண்டையிட்டது, ஆகவே அந்த ஊனம் அவ்வளவாக உறுத்தவில்லை.

13. ஒரு டைகரை அடிக்க அஞ்சு ஷெர்மன் வேணுமாமே?

இப்படி ஒரு கணக்கை நிரூபிக்கும் போர் ஆவணம் கிடையாது. அமெரிக்கப் படையில் ஒரு டாங்கி அணி என்றாலே ஐந்து ஷெர்மன். ஒற்றை எதிரி நின்றாலும் ஐந்தும் சேர்ந்துதான் போகும். அதிலிருந்து கிளம்பிய கதை இது என்று நினைக்கிறேன்.

நார்மண்டியில் டைகர்கள் மூன்று பட்டாலியன்கள்தான், அவையும் பெரும்பாலும் பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு எதிரே. அமெரிக்கர்கள் டைகரைப் பார்த்ததே அரிது. நீண்ட குழலும் பக்கத் தகடுகளும் மாட்டிய பான்சர் 4 தூரத்திலிருந்து டைகர் போலவே தெரியும். பயத்தில் எல்லாமே டைகர் ஆகிவிட்டது. பிரிட்டிஷார் 17 பவுண்டர் பீரங்கி மாட்டிய ஷெர்மன் ஃபயர்ஃப்ளை, டைகரின் முன்கவசத்தை வழக்கமான சண்டைத் தூரத்திலேயே துளைக்கக்கூடியது.

14. விட்மன் தனியா ஒரு படையையே அழிச்சாரே, அது டைகரோட பலத்தாலதானே?

1944 ஜூன் 13-ல் வில்லேர்-போக்காஜ் ஊரில் பிரிட்டிஷ் 7-வது கவச டிவிஷனின் முன்னணி வரிசையை டைகர் கமாண்டர் மிஹாயேல் விட்மன் தாக்கியது நடந்த விஷயம். சாலையோரம் வரிசையாக நின்றிருந்த வண்டிகளை அருகிலிருந்து எதிர்பாராமல் அடித்தார். அன்றே அவருடைய டைகரும் ஊருக்குள் முடங்கியது. இறங்கி நடந்துதான் தப்பினார். ஆகஸ்ட் 8-ல் திறந்த வயல்வெளியில் டைகர்களோடு முன்னேறியபோது இறந்தார். அதே டைகர் வகை, அதே ஆள். மறைவிலிருந்து அடித்தபோது ஒரு முடிவு, வெட்டவெளியில் போனபோது வேறு முடிவு.

அவர் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ்.-ன் அதிகாரி என்பதும், நாஜிப் பிரச்சாரம் அவரை நாயகனாக விற்றது என்பதும் மறக்கக் கூடாதவை. தனிமனிதர்கள் அழித்த டாங்கி எண்ணிக்கைப் பட்டியல்களை நான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

15. கிங் டைகர், மௌஸ் எல்லாம் இன்னும் பெரிசு. அப்போ இன்னும் நல்லதுதானே?

கிங் டைகரின் முன்தகடு 150 மி.மீ., அதுவும் சாய்வு. சண்டையில் அதை முன்னால் துளைத்ததற்கு நம்பத்தகுந்த சான்று காண்பது கடினம். ஆனால் 70 டன்னை இழுத்தது 45 டன் பேந்தரில் இருந்த அதே 700 குதிரைத்திறன் மேபாக் என்ஜின். கேள்வி 3-ல் டைகருக்குச் சொன்ன பாலம், ரயில், இழுவைச் சிக்கல்கள் எல்லாம் இதற்கு இன்னும் அதிகம். 500-க்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்ய முடிந்தது. காசல் நகரில் இருந்த ஹென்ஷல் ஆலையின் மேல் விழுந்த விமானக் குண்டுகள் உற்பத்தியைப் பாதியில் உடைத்தன.

மௌஸ் 188 டன். எந்தப் பாலமும் தாங்காது என்பதால் ஆற்றின் அடியில் ஊர்ந்து கடக்கத் திட்டமிட்டார்கள். சோதனைக்கு இரண்டு செய்தார்கள், அவ்வளவுதான்.

16. டைகர், பேந்தரை விட்டுட்டு பான்சர் 4 மட்டுமே செஞ்சிருந்தா ஜெர்மனி ஜெயிச்சிருக்குமா?

ஆவணங்களில் வரும் விலைகளைத் தோராயமாகச் சொன்னால், பான்சர் 4-க்கு 1,03,000 ரைக்ஸ்மார்க், பேந்தருக்கு 1,17,000, டைகருக்கு 2,50,000. இதைப் பார்த்ததும் ஒரு டைகருக்குப் பதில் இரண்டு பான்சர் 4 என்று தோன்றும். அந்த இரண்டுக்கும் பத்துப் பேர் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், பெட்ரோலும் வேண்டும். ஆட்களும் இல்லை, 1944 ஆகஸ்டில் ருமேனியாவின் எண்ணெய் கைவிட்டுப் போன பிறகு பெட்ரோலும் இல்லை. எதிர்த் தரப்பில் ஷெர்மன் மட்டும் சுமார் 49,000, டி-34 போர் முடிவுக்குள் 50,000-க்கு மேல். எந்த வகையைத் தேர்ந்தாலும் ஜெர்மனி எண்ணிக்கையில் எட்டியிருக்காது. பேந்தருக்கும் பான்சர் 4-க்கும் உள்ள சிறிய விலை வித்தியாசத்தைப் பார்த்தால், பேந்தரைச் செய்தது மோசமான முடிவு என்றும் சொல்ல முடியவில்லை.

இரும்பின் தரமும் இறங்கியது. மாலிப்டினம் போன்ற கலப்பு உலோகங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததால் கடைசி ஆண்டுகளின் கவசத் தகடுகள் சில அடிபட்டதும் வளையாமல் விரிந்து உடைந்தன.

இன்னொன்றையும் இங்கேதான் சொல்ல வேண்டும். இந்த ஆலைகளில் அயல்நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் கைதிகளும் கட்டாய வேலை செய்தார்கள். பான்சர் 4 செய்த ஆஸ்திரியாவின் சாங்க்ட் வாலன்டின் ஆலைக்கு, மௌத்தௌசன் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று ஆள் அனுப்பியது. ஜெர்மன் பொறியியலின் நேர்த்தி என்று நாம் வியக்கும் வெல்டிங் வரிகளில் அவர்கள் கையும் இருக்கிறது. என்னிடம் மாதிரி பார்க்க வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

17. இந்தியப் படைகள் இந்த டாங்கிகளைச் சந்திச்சிருக்கா?

சந்தித்திருக்கின்றன. 1941 ஏப்ரலில் லிபியாவின் மெச்சிலியில் 3-வது இந்திய மோட்டார் பிரிகேடை ஜெர்மன் ஜெனரல் ரோமலின் படைகள் சுற்றி வளைத்தன. அந்தப் பிரிகேடிடம் டாங்கி கிடையாது. வட ஆப்பிரிக்காவில் எதிரே வந்தவை பெரும்பாலும் பான்சர் 3-ம் 4-ம். டைகர் 1942 கடைசியில்தான் துனிசியாவுக்கு வந்தது.

வேறொரு தொடர்பும் உண்டு. இந்த டாங்கிகளில் பெரும்பாலானவற்றின் என்ஜின்களை வடிவமைத்தது ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் நகரின் மேபாக் நிறுவனம். போருக்குப் பின் அது வளர்ந்து எம்.டி.யு. ஆனது. சென்னை ஆவடியில் உருவான நம் அர்ஜுன் டாங்கிக்குள் இருக்கும் 1,400 குதிரைத்திறன் என்ஜின் அந்த எம்.டி.யு.வினுடையதுதான். டைகரின் இரட்டிப்புச் சக்தி.

18. சரி, சுத்தி வளைக்காதீங்க. நீங்க உள்ளே உட்காரணும்னா எதுல உட்காருவீங்க?

1940 என்றால் பான்சர் 3, வயர்லெஸ்ஸுக்காகவும் மூன்று பேர் டரெட்டுக்காகவும். 1943 என்றால் டைகர். அந்த வருடத்தில் உள்ளே இருப்பவரை அதுபோலக் காத்த வண்டி வேறில்லை. 1944 தற்காப்புச் சண்டை, தயாரான நிலை, பக்கத்தில் நண்பர்கள் என்றால் பேந்தர் ஜி.

ஆனால் நான் உள்ளே உட்காராமல், படைக்கு வண்டி வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் நீண்ட குழல் பான்சர் 4-ஐயும் ஷ்டூக் 3-ஐயும் எழுதிக் கொடுத்திருப்பேன். கேட்பவர்களுக்கு இந்தப் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. பல வருடமாக யோசித்தும் எனக்கு இது மாறவில்லை.

19. நிஜ டைகரை இப்போ எங்கே பார்க்கலாம்?

இங்கிலாந்தில் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் டைகர் 131 இருக்கிறது. இன்றும் ஓடும் நிலையில் உள்ளது. பிரான்சில் சோமுர் அருங்காட்சியகத்தில் கிங் டைகர், ஜெர்மனியில் முன்ஸ்டர் நகரில் பல வகைகள், ரஷ்யாவின் குபிங்காவில் மௌஸ்.

131-ஐப் பார்க்கப் போனால் பீரங்கிக் குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் ஒரு சிறிய 6 பவுண்டர் குண்டு அங்கே பட்டு, கீழே தெறித்து, டரெட்டும் உடலும் சேரும் இடுக்கில் சிக்கியது. கவசம் துளைபடவில்லை. டரெட் மட்டும் திரும்ப மறுத்தது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். அந்தத் தழும்பு இப்போதும் அங்கே இருக்கிறது.